மல்டிப்ளையர் ரீலில் பிரெய்டு: நூல் ஏன் வழுக்குகிறது, ஏன் புதைகிறது, ஏன் சிக்குகிறது

மாசி மாதத்து விடியற்காலை. தொண்டிக் கரையில் எனக்குப் பத்தடி தள்ளி நின்ற தேவகோட்டைத் தம்பி ஒருவர், புது மல்டிப்ளையர் ரீலில், அதாவது வீசும்போது உருளையே சுழலும் தூண்டில் ரீலில், பிரெய்டு என்னும் பின்னிய நூலைச் சுற்றி, 80 கிராம் ஈயத்தைக் கட்டி ஓங்கி வீசினார். தூண்டில் ராடு வளைந்து நிமிர்ந்தது. "பட்" என்று ஒரு சத்தம். ஈயம் மட்டும் தனியாகப் போய்க் கடலில் விழுந்தது. அறுந்த நூல் கரையிலேயே தொங்கியது.

"டூப்ளிகேட் நூலு போலண்ணே. மல்டிப்ளையருக்குப் பிரெய்டு ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

ரீலை வாங்கிப் பார்த்தேன். அறுந்த நூல் மேல் சுற்றிலிருந்து வரவில்லை. கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல் இறங்கிக் கிடந்தது. நகத்தால் நெம்பி இழுத்தபோது "டிக்... டிக்..." என்று ஒவ்வொரு சுற்றாக விட்டுக் கொடுத்தது.

"நூல் நல்ல நூல்தான் தம்பி. சுத்துனதுதான் சரியில்ல."

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் தூண்டில் பிடிக்கிறவர்களிடம் பேசினால் இரண்டு கட்சி இருக்கும். மல்டிப்ளையருக்குப் பிரெய்டே கூடாது என்பது ஒன்று. பிரெய்டு போட்டுவிட்டால் அறுகிற பேச்சே இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. பிரெய்டு மல்டிப்ளையருக்கு நன்றாகவே ஆகும். ஆனால் அது ஸ்பூலில், அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளையில், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அதைப் புரிந்துகொண்டால், கேள்விப்படுகிற முக்கால்வாசிப் புகார்களுக்கு நீங்களே காரணம் சொல்லிவிடலாம்.

நிற்கும் கண்டு, உருளும் கண்டு

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிற வீட்டுக்குப் போனால் நூல் இரண்டு விதமாக அவிழ்வதைப் பார்க்கலாம். கூம்பு மாதிரி நூல் கோன் ஒன்று தரையில் நிற்கும். அதன் உச்சியிலிருந்து நூல் சுழன்று சுழன்று மேலே போகும், கோன் அசையாது. இன்னொன்று கம்பியில் செருகிய கண்டு. நூலை இழுத்தால் கண்டே உருண்டு விட்டுக் கொடுக்கும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஸ்பின்னிங் ரீல் முதல் வகை. வீசும்போது அதன் ஸ்பூல் நின்ற இடத்தில் நிற்கும். மல்டிப்ளையர் இரண்டாவது வகை. ஈயம் பறக்கும்போது அது நூலை இழுக்க, நூல் ஸ்பூலைச் சுழற்றுகிறது. கண்மாயில் விராலுக்குத் தவளைப் பொம்மை வீசுகிறவர்கள் வைத்திருக்கும் தட்டையான பெய்ட்காஸ்டரும் இந்த வகைதான். பெயர்தான் வேறு.

மல்டிப்ளையர் என்றால் பெருக்குவது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஸ்பூலை நான்கு, ஐந்து, ஆறு சுற்று சுற்ற வைக்கும். 5:1 என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு ஐந்து. ஸ்பூலில் நூலின் விட்டம் 3.5 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 11 சென்டிமீட்டர் நூல் ஏறும். ஐந்து சுற்றுக்கு 55 சென்டிமீட்டர். மீன் நூலை இழுத்துக்கொண்டு போகப்போக ஸ்பூலின் சுற்றளவு குறையும், நாம் ஒரு சுற்றில் இழுக்கும் நீளமும் குறையும்.

ஆக, ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் சும்மா இருக்கிறது. மல்டிப்ளையரில் ஸ்பூல் ஓடுகிறது. ஓடுகிற பொருளுக்குத் தானாக நிற்கத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிரெய்டு எதனால் ஆனது

நாம் "நரம்பு" என்று கேட்டு வாங்குவது, கரையோரத்தில் தங்கூஸ் என்பது, ஒற்றை இழை நைலான். கண்ணாடிபோல் வழவழப்பான ஒரே கம்பி. பிரெய்டு அப்படியில்லை. தலைமுடியைச் சடை பின்னுவதுபோல் நான்கு அல்லது எட்டுப் புரிகளைச் சேர்த்துப் பின்னியது. ஒவ்வொரு புரிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழைகள் நிறைய இருக்கும்.

அந்த இழை பாலிஎத்திலீன். ஆமாம், பிளாஸ்டிக் பைக்கும் அதே பெயர்தான். ஆனால் இதில் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. பையில் அவை இடியாப்பம்போல் கன்னாபின்னாவென்று கிடக்கும். இந்த இழையை நூற்கும்போது ஜெல்லாக்கி இழுத்து, எல்லாச் சங்கிலிகளையும் ஒரே திசையில் நீட்டிப் படுக்க வைக்கிறார்கள். அதனால்தான் அந்த வலு. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று டப்பாவில் போட்டிருப்பது இந்த இழையின் வணிகப் பெயர்கள்.

இதிலிருந்து நான்கு குணங்கள் வருகின்றன. முதலாவது, மெலிவு. 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ தாங்கும் நரம்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதே வலுவுள்ள பிரெய்டு 0.28 மில்லிமீட்டர் அளவில் முடிந்துவிடும். கனம் கிட்டத்தட்ட பாதியானால் ஸ்பூலில் அடைக்கும் இடம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 100 மீட்டர் நரம்பு பிடித்த ஸ்பூல் 300 மீட்டர் பிரெய்டு பிடிக்கும். இரண்டாவது, வழுக்கல். பாலிஎத்திலீன் எதிலும் ஒட்டாது. மூன்றாவது, துவள்வு. நரம்புக்கு வில் மாதிரி விறைப்பு உண்டு; பிரெய்டு ஈரத்துணிபோல் படிந்துவிடும். நான்காவது, இழுபடாமை. அறுகிற வரை இழுத்தாலும் பிரெய்டு நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் நீளும். நைலான் நூற்றுக்கு இருபது முப்பது நீண்டுகொடுக்கும்.

மல்டிப்ளையரில் வரும் தொல்லைகள் எல்லாமே இந்த நான்கிலிருந்து கிளம்புபவைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பின்னிய நூல் மல்டிப்ளையருக்குப் புதிது என்று நினைக்கிறவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். 1800களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்கிறவர்கள் கையால் செய்த மல்டிப்ளையர்கள் பெயர் வாங்கின. நைலான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1938இல்தான். அதற்கு முந்திய நூறு வருடமும் இந்த ரீல்களில் ஓடியது பட்டும் லினனும். பின்னிய, முறுக்கிய நூல்கள். மல்டிப்ளையர் பிறந்ததே பின்னிய, முறுக்கிய நூலோடுதான். நரம்பு பிறகு வந்தது.

அடியில் வழுக்குவது

பிரெய்டை நேராக ஸ்பூலின் வழவழப்பான உலோகத்தில் கட்டிச் சுற்றினால், பெரிய மீன் இழுக்கும்போது மொத்த நூலும் ஒரு வளையல்போல் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். கைப்பிடி சுற்றுகிறது, ஸ்பூலும் சுற்றுகிறது, மீன் வரவில்லை. டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. டிராக் என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேல் மீன் இழுத்தால் ஸ்பூலை நழுவவிட்டு நூலைக் காப்பாற்றும் உராய்வுத் தட்டுகள். அது கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலையே பிரித்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரீலில் ஒரு குறையும் இருக்காது.

தீர்வு சுலபம். முதலில் பத்துப் பதினைந்து சுற்று நரம்பைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டைக் கட்டுங்கள். நைலான் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஸ்பூல் பெரியது, 300 மீட்டர் பிரெய்டு தேவையில்லை என்றால் பாதி ஸ்பூல்வரை நரம்பையே நிரப்பலாம், பணமும் மிச்சம். எலக்ட்ரிகல் டேப் ஒரு சுற்று ஒட்டி அதன்மேல் சுற்றுவதும் நடக்கும்.

நடுவில் புதைவது

தொண்டியில் அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான்.

தறிக்குத் தார், அதாவது ஊடைநூல் கண்டு, சுற்றுகிற அம்மாவைக் கவனித்தால் தெரியும். ராட்டையை ஒரு கை சுற்றும். மறு கையின் இரண்டு விரல் நூலை லேசாகப் பிடித்தபடியே இருக்கும். அந்தப் பிடி இல்லாவிட்டால் தார் பஞ்சு மூட்டை மாதிரி ஆகிவிடும், பிறகு தறியில் குறுக்கே நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும்போது நூல் மாட்டி அறும். பிடி ஒரே அளவாக இருப்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஸ்பூலிலும் அப்படித்தான். கடை மெஷினில் பிடியில்லாமல் வேகமாகச் சுற்றிய பிரெய்டு தொட்டால் மெத்தென்று இருக்கும். இப்போது தூண்டில் கடல்தாழையில் மாட்டுகிறது. பலத்தையெல்லாம் போட்டு இழுத்து விடுவித்து, அதே விசையோடு நாலைந்து சுற்று ஏற்றிவிடுகிறோம். பத்துக் கிலோ விசையில் இருக்கும் மெல்லிய, வழுக்கும் நூல், கீழே தளர்வாகக் கிடக்கும் சுற்றுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வாழைத்தண்டில் நூல் இறங்குவதுபோல. நரம்பு கனமானது, விறைப்பானது, ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். அதனால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

அடுத்த முறை வீசுகிறோம். ஈயம் முழு வேகத்தில் கிளம்புகிறது. முதல் சில சுற்று வருகிறது. அப்புறம் புதைந்த இடம். அங்கே நூல் வெளியே வராது; ஸ்பூல் ஒரு கணம் அப்படியே நிற்கும். பறக்கும் ஈயத்தின் முழு விசையும் மெல்லிய நூலில் விழும். நீண்டு கொடுத்துத் தாங்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. பட். இதற்கு நூல் டூப்ளிகேட்டாக இருக்க வேண்டியதே இல்லை.

ஆகவே, பிரெய்டைச் சுற்றுவதைக் கடைக்காரரிடம் விடாமல் வீட்டில் நீங்களே செய்யுங்கள். ஒருவர் நூல் சுருளைக் குச்சியில் செருகிப் பிடித்துக்கொள்ளட்டும். ராட்டின் வளையங்கள் வழியாகவே நூலைக் கொண்டுவந்து, ரீலுக்கு முன்னால் ஈரத்துணியை மடித்து நூலைப் பிடியுங்கள். துணி இல்லாமல் வெறும் விரலால் பிடித்தால் தோல் அறுந்துவிடும். ராடு லேசாக வளைந்தே இருக்க வேண்டும், அந்த அளவு பிடி. 200 மீட்டர் சுற்ற அரை மணி ஆனாலும் ஆகட்டும். முடிந்தபின் கட்டை விரல் நகத்தால் ஸ்பூலை அழுத்திப் பாருங்கள். மரக்கட்டைபோல் இருந்தால் சரி. நகம் உள்ளே போனால் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள்.

சில ரீல்களில் நூலை இடமும் வலமும் தானாகப் பரப்பும் லெவல்வைண்டு இருக்கும். அது இல்லாத ரீலில் கட்டை விரலால் நாமே பரப்ப வேண்டும். அப்போது பாய் நெய்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்காதீர்கள். சற்றுச் சாய்வாக, விரைவாக இடம் வலம் கொண்டுபோனால் சுற்றுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். ஓலைக் கொட்டான் முடைவதில் குறுக்கு ஓலை நெடுக்கு ஓலையைத் தாங்குவதுபோல் கீழ்ச் சுற்று மேல்ச் சுற்றைத் தாங்கும், புதைய வழியிருக்காது.

மாட்டிய தூண்டிலை இழுத்து விடுவித்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று. அந்தக் கடைசி இருபது முப்பது மீட்டரை மெதுவாக அடுத்த வீச்சில் வெளியே விட்டு, ஒரே பிடியில் திருப்பிச் சுற்றுங்கள். அதன்பிறகு ஓங்கி வீசலாம்.

இதுவரை பார்த்த இரண்டும் நூலைச் சுற்றும்போதே சரிசெய்யக் கூடியவை: அடியில் நரம்பு, நடுவில் இறுக்கம். மூன்றாவது வீசும்போது வருவது.

மேலே சிக்குவது

தையல் நூல்கண்டைக் குச்சியில் செருகி வேகமாக இழுத்து, சட்டென்று இழுப்பதை நிறுத்துங்கள். கண்டு நிற்காது. இரண்டு மூன்று சுற்று தானாக உருண்டு நூலைக் குச்சியின்மேல் கொட்டும். பேக்லாஷ் என்று பயந்து பேசுவது இதைத்தான்.

ஈயம் கிளம்பும்போது வேகம் அதிகம்; ஸ்பூலையும் அந்த வேகத்துக்கு இழுத்துவிடும். பிறகு காற்று ஈயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நின்றேவிடுகிறது. ஸ்பூலுக்கு இது எதுவும் தெரியாது, அது பழைய வேகத்திலேயே சுழன்று நூலை அவிழ்த்துக்கொண்டே இருக்கும். வெளியே போக இடமில்லாத நூல் ரீலுக்குள்ளேயே குருவிக்கூடு கட்டும்.

நரம்பிலும் இது வரும். ஆனால் அதன் விறைப்பு வளையங்களைத் துள்ளி வெளியே நிறுத்தும். கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். துவளும் பிரெய்டில் வளையம் படுத்துவிடும், அதன்மேல் அடுத்த சுற்று ஏறும், இழுத்தால் முடிச்சு இறுகும். கத்தரியை எடுக்க வேண்டியதுதான். பிரெய்டு பேக்லாஷை உண்டாக்குவதில்லை. வந்த பேக்லாஷை மன்னிப்பதில்லை.

இதைத் தடுக்க ரீலில் மூன்று கருவிகள் உண்டு. ஒன்று, ஸ்பூலின் அச்சை ஓரத்திலிருந்து அழுத்தும் சிறு திருகு. ஈயத்தைத் தொங்கவிட்டு ஸ்பூலை விடுவியுங்கள். ஈயம் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்கிற அளவுக்கு அதைத் திருகி வையுங்கள். ஈயத்தை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பிரேக். இதில் இரண்டு வகை. ஒன்றில் சிறு கட்டைகள் ஸ்பூல் சுழலும் வேகத்தில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். மற்றது காந்தம். அது எதையும் தொடாமலே ஸ்பூலின் வேகத்தைக் குறைக்கும். எப்படி என்றால், நம் வீடுகளில் இருந்த பழைய மின்மீட்டரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். அதன் விளிம்பைக் கவ்வினாற்போல் ஒரு காந்தம் இருக்கும், தொடாது. காந்தத்துக்கு நடுவே உலோகம் ஓடும்போது உலோகத்துக்குள் சிறு மின்னோட்டங்கள் கிளம்பி ஓட்டத்தை எதிர்க்கும். அந்தத் தட்டு தறிகெட்டு ஓடாமல் இருந்தது அதனால்தான். ரீலின் அலுமினிய ஸ்பூலிலும் அதே வேலைதான் நடக்கிறது.

மூன்றாவது உங்கள் கட்டை விரல். முதல் இரண்டும் உதவிக்குத்தான். ஈயம் தண்ணீரைத் தொடும் கணத்தில் ஸ்பூலை அழுத்தி நிறுத்துவது விரல்தான். கண்ணை ஈயத்திலேயே வையுங்கள், ரீலைப் பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் பிரேக்கை முழுதாகப் போட்டு, பாதி பலத்தில் வீசுங்கள். இருபது வீச்சு சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறையுங்கள்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, 20 பவுண்டு பிரெய்டை வாங்காதீர்கள், 40 அல்லது 50 வாங்குங்கள். அவ்வளவு வலு தேவை என்பதால் சொல்லவில்லை. கனமான நூல் குறைவாகப் புதையும், குறைவாகச் சிக்கும், சிக்கினாலும் விரலுக்குப் பிடிபடும். தாமரையும் கோரையும் அடைந்த கண்மாயில் விராலுக்கு வீசுவதானால் 50 எப்படியும் வேண்டும்; தண்டுகளை அறுத்துக்கொண்டு மீனை மேலே கொண்டுவருவது அந்த நூல்தான்.

நீளாத நூலுக்கு ஒரு முன்னங்கயிறு

பிரெய்டு நீளாததால் 80 மீட்டர் தள்ளி கிளங்கா மீன் ஒரு கொத்து கொத்தினாலும் விரலுக்கு வந்து சேரும். அதே காரணத்தால் மீனின் ஒவ்வொரு உதறலும் குறையாமல் தூண்டில் முள்ளில் விழும், வாய் கிழியும். சிப்பி ஒட்டிய கல்லில் உரசினால் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். அதனால் நூலின் முனையில் நைலான் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு லீடர் என்று பெயர். வீச்சின் உதறலைத் தாங்குவதும் அதுதான்.

கனமான ஈயம் வீசுகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு லீடர். 80 கிராமுக்கு 30, 150 கிராமுக்கு 50 முதல் 60. கரையில் நாலு பேர் நிற்கும் இடத்தில் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அறுந்து பறக்கும் ஈயம் மண்டையைப் பிளக்கும். வீசத் தயாராகும்போது லீடர் ஸ்பூலில் நாலைந்து சுற்று இருக்கட்டும், முடிச்சு கட்டை விரல் படாத ஓரமாகக் கிடக்கட்டும். பிரெய்டையும் லீடரையும் சேர்க்க இரட்டை யுனி என்ற முடிச்சு போதும். பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, நைலான் பக்கம் ஐந்து. இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தடவுங்கள். பாலிஎத்திலீன் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் பொருள். உலர்ந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டிலேயே வலு குறையும்.

டிராக்கையும் குறைவாக வையுங்கள். நூல், லீடர் இரண்டில் எது வலுக் குறைவோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 30 பவுண்டு என்றால் சுமார் 4 கிலோ. வீட்டில் தொங்கும் ஸ்பிரிங் தராசில் நூலைக் கட்டி இழுத்தால் சரியாகத் தெரிந்துவிடும்.

கைக்கும் கண்மாய்க்கும்

மாட்டிக்கொண்ட பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். எலும்புவரை இறங்கும். ஒரு கட்டையில் சுற்றி, தூண்டில் ராடை நேராக நீட்டிப் பிடித்தபடி பின்னால் நடந்தால் போதும்.

வெட்டிப்போட்ட குருவிக்கூடுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இந்த நூல் மக்காது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்களில் வந்து தங்கும் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்டில் நாரையின் காலில் நம் நூல் மாட்டியிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது.

கடலுக்குப் போய்வந்தால் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, நிழலில் காய வையுங்கள். பின்னலுக்குள் உப்பு தங்கும். அது ஸ்பூலையும் வளையங்களையும் அரிக்கும். பழைய ராடாக இருந்தால் வளையத்தின் உள்பக்கத்தில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, அந்த வளையத்தை மாற்ற வேண்டும்.

அந்தத் தேவகோட்டைத் தம்பியின் நூலை அன்று கரையிலேயே முழுவதும் அவிழ்த்தோம். மணலில் ஒரு குச்சியை நட்டு, என் துண்டை நனைத்து அவர் பிடிக்க, நான் சுற்றினேன். சுற்றும்போது நூலைத் தலைகீழாக்கிவிட்டோம், இதுவரை அடியில் கிடந்த முனை இப்போது மேலே. சாயம் வெளுக்காத, கடலையே பார்க்காத புது நூல். "இதுக்காண்ணே வேற வாங்க இருந்தேன்" என்றார். வெயில் ஏறுவதற்குள் அதே 80 கிராம் ஈயத்தை மறுபடி கட்டினோம், இந்தமுறை ஒரு லீடரோடு.